ஸ்காபறோ மளிகைப் பில்லில் சம அகல எழுத்தின் ஆட்சி: ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்: ஸ்காபறோவின் மார்க்கம் வீதித் தமிழ்ச் சாமான் கடைகளும் அவற்றின் கார் தரிப்பிடங்களும். ஆய்வுப் பொருள்: காசு கட்டியதும் கையில் திணிக்கப்படும் பில். கருதுகோள் ஒன்றே ஒன்று. பில்லின் எழுத்து அழகாயிருந்தால் தமிழர் அதை நம்பமாட்டார்.

முதலில் அளவைகள். 80 மில்லிமீற்றர் கடதாசிச் சுருளில் வழக்கமான வெப்ப அச்சுப்பொறி ஒரு வரிக்கு 42 அல்லது 48 எழுத்துகளை அடுக்கும். எழுத்து ஒவ்வொன்றுக்கும் 12 புள்ளி அகலம். ஆள் பார்த்துக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. ஆங்கிலத்தின் ஒல்லி ‘ஐ’ காலை அகட்டி நிற்கும், பருத்த ‘டபிள்யூ’ வயிற்றை எக்கிக்கொள்ளும். இதன் பலன் காசுப் பத்தியில் தெரியும். டொலருக்குக் கீழே டொலர், சதத்துக்குக் கீழே சதம். காரில் ஏறுமுன் மாமி ஒருவர் விரலை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்து, கொத்தமல்லிக் கட்டுக்கு இரண்டு தரம் காசு எடுத்திருப்பதைப் பிடித்துவிடுகிறார். பச்சைக் கச்சானுக்கு வரியில்லை, உப்புப் போட்ட கச்சானுக்கு 13 சதவீத எச்.எஸ்.ரி. என்ற ஒன்ராறியோவின் நுண்ணிய தத்துவமும் அந்த விரலுக்குத் தப்புவதில்லை. இதே கணக்கைக் கலியாணக் காட்டின் சுருள் எழுத்தில் அச்சிட்டால் பிடிப்பாரா? பிடிப்பார். அதற்குள் மீன் பழுதாகிவிடும்.

ரொறன்ரோவுக்கு இத்துறையில் பாத்தியதை உண்டு. 1942இல் இங்கே பிறந்து ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் படித்தவர் பிரையன் கெர்னிகன். அவரும் டெனிஸ் ரிச்சியும் 1978இல் ‘சி’ நிரல்மொழி நூலைத் தாங்களே அச்சுக்கோத்தார்கள். விளக்கம் ரைம்ஸ் எழுத்தில், நிரல் கூரியர் எழுத்தில். கூரியர், 1950களில் ஹோவர்ட் கெற்லர் ஐ.பி.எம். தட்டச்சுக்காக வரைந்த சம அகல எழுத்து. ஒரு குறி தப்பினாலும் பிழைத்துப்போகும் இடத்தில் அலங்காரம் வேண்டாம் என்பதில் அவர்களும் மாமியும் ஒரே கட்சி.

தமிழெழுத்து இந்தச் சமத்துவத்துக்கு இலேசில் இணங்காது. ரகரத்துக்குப் போதும் இடம் ணகரத்துக்கு அரைவாசியும் காணாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சை அமைத்தபோது நகரா விசையைக் கொண்டுவந்தார். புள்ளியை அடித்தால் உருளை நகராது. அடுத்த எழுத்து அதன் கீழேயே வந்து விழும். அப்படியும் ணகரத்தை நெருக்கித்தான் உட்கார்த்த வேண்டியிருந்தது. கடை அச்சுப்பொறிகளோ அந்தச் சிரமத்தையும் எடுப்பதில்லை. நம் முருங்கைக்காய் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில்தான் வீடு வருகிறது.

குறைபாடு ஒன்றையும் பதிவுசெய்ய வேண்டும். அளவுக்கும் விலைக்கும் ஒதுக்கியபின் மிஞ்சும் இடத்தில் நீண்ட பெயர்கள் வால் அறுந்தே வருகின்றன. ‘யாழ்ப்பாண வறுத்த கறித்தூள், கூடின உறைப்பு’, ‘யாழ்ப்பாண வறுத்த கறித்தூள், குறைஞ்ச உறைப்பு’ இரண்டும் பில்லில் ஒரே பெயர், ஒரே விலை. எது எதுவென்று காசாளரான தம்பியிடம் வினவப்பட்டது.

“சமைச்சுப் பாத்தால் தெரியும் ஐயா” என்றார்.

அவரது ஆய்வு முறையில் இக்கட்டுரையாளருக்கு மறுப்பில்லை.