தோப்புப் பார்வையில் தலையாட்டலின் இடம்: ஒரு முன்னோட்ட ஆய்வு

உழவர் மன்றங்களின் சேமிப்பு, வங்கிக் கடன், பயிற்சி முகாம் பற்றியெல்லாம் அறிஞர்கள் எழுதிவிட்டார்கள். ஓர் உறுப்பினரின் தோப்பில் மற்றவர்கள் கூட்டமாகப் போய் நிற்கும்போது தலைகள் எந்தத் திசையில் ஆடுகின்றன என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள். நபார்டு 1982-ல் விகாஸ் வாலண்டியர் வாகினி என்று தொடங்கியதற்கு 2005-ல்தான் உழவர் மன்றம் என்ற பெயர் வந்தது. தலையாட்டல் இரண்டுக்கும் மூத்தது. ஆய்வுக்களம், பொள்ளாச்சித் தென்னந்தோப்புகள்.

நமது கருதுகோள் இது: பார்வையிட வருபவர் தோப்பைப் பார்ப்பதில்லை, தன் தோப்பைவிட இது எந்த வகையில் மட்டம் என்பதற்குத் தடயம் தேடுகிறார். தோப்புக்காரருக்கும் இது தெரியும். ஆகவே வண்டித்தடத்தை ஒட்டிய வரிசையில் மட்டும் வட்டப்பாத்தி புதிதாக வெட்டியிருக்கும்.

தலை இடம்வலமாக மெல்ல ஆடினால் வியப்பு என்று தோப்புக்காரர் எடுத்துக்கொள்வார். 'இத்தனை செலவுக்கு இவ்வளவுதானா' என்பதே சரியான உரை. மேலும் கீழும் ஆடினால் டீ வரும் நேரம். ஆடாத தலைதான் ஆபத்தானது; அது அண்ணாந்து குரும்பைகளை எண்ணிக்கொண்டிருக்கிறது. அதே ஆள் செருப்பு நுனியால் பாத்தியைக் கிளறுவதையும் காணலாம். வேரில் தென்னை டானிக் கட்டிய பாலித்தீன் பை கிடக்கிறதா என்ற அகழாய்வு அது.

2016-ல் சுருள் வெள்ளை ஈ இவ்வட்டாரத்தில் கண்டறியப்பட்டது இத்துறைக்குப் பெரும் திருப்பம். கீழ்மட்டையில் கரும்பூசணம் படிந்தால் எந்தத் தோப்புக்காரராலும் மறைக்க முடியாது. மரத்துக்கு மரம் மஞ்சள் ஒட்டும் பொறி தொங்கும். விளக்கெண்ணெய் அன்று காலையில்தான் தடவியது என்பது ஓர் ஈகூட ஒட்டாததிலிருந்து விளங்கும்.

"ஏனுங்ணா, உங்க பக்கம் எப்படிங்க?"

"லேசாத்தானுங்க."

இந்த 'லேசு' ஓர் அளவை. எத்தனை மட்டை கருத்தால் ஒரு லேசு என்பதை வரையறுக்கும் பணியை ஆழியார் நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம் ஏற்றால் நல்லது. போர் எத்தனை அடி என்ற கேள்விக்கு வரும் பதிலும் அப்படியே. கேட்பவர் பக்கத்துத் தோட்டத்துக்காரரா, வங்கி அலுவலரா என்பதைப் பொறுத்து நிலத்தடி நீர் ஏறி இறங்கும்.

நம்பத்தக்க தகவலாளி ஒருவரே: இளநீர் சீவித் தரும் மரமேறி. "போன தடவை காய் ரொம்பக் கொறைச்சலுங்க" என்று அவர் தொடங்கியதும் தோப்புக்காரருக்கு இருமல் வரும். அப்போது எல்லாத் தலைகளும் ஒரே திசையில், அனுதாபத்துடன் ஆடும். இந்த ஆய்வில் கண்ட ஒரே மனமார்ந்த தலையாட்டல் அது.

பிறகு செயலாளர் மினிட் நோட்டை எடுப்பார். 'உறுப்பினரின் தோப்பைப் பார்வையிட்டோம், மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எழுதிக் கையெழுத்து வாங்குவார். போன மாதப் பக்கத்திலும் அதே வரிதான். வருங்கால வரலாற்றாசிரியர்கள் இந்நோட்டுகளைச் சான்றாகக் கொள்ளாமல், மரமேறியைத் தேடிப் போகுமாறு கேட்டுக்கொள்கிறோம்.