சுப்ராவின் குலம் கோத்திரம்
2019இல் டொயோட்டா சுப்ரா மறுபடி வந்தது. ஓட்டிப் பார்த்த பத்திரிகைகள் பல, வளைவுகளில் அது திரும்பும் லாவகத்தைப் புகழ்ந்தன. ரசிகர்களோ வளைவை விட்டுவிட்டு வம்சத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு சிலிண்டர் எஞ்சின் பிஎம்டபிள்யூவினுடையதாம். பிறந்த ஊர் ஆஸ்திரியாவின் கிராஸ், கூடப் பிறந்தது பிஎம்டபிள்யூ இசட்4. பெண் பார்க்கப் போன இடத்தில் ஜாதகத்தைப் புரட்டும் பெரியப்பா மாதிரி, பானெட்டைத் திறந்து பாகம் பாகமாக முத்திரை தேடினார்கள். (வாங்கும் உத்தேசம் எத்தனை பேருக்கு என்று கேட்காதீர்கள்.) அடுத்த புகார், அப்போது அதில் கையால் கியர் மாற்ற வழியில்லை, ஆட்டோமேட்டிக் மட்டும்தான். உடனே பழைய சுப்ரா டர்போவின் ஆறு கியர் பெட்டியை நினைத்து ஒரு பெருமூச்சு. அதுவல்லவோ அசல் ஜப்பான் சரக்கு! அந்தப் பெட்டியைச் செய்து கொடுத்தது கெட்ராக் என்ற ஜெர்மன் கம்பெனி.