கடல் தாண்டும் உத்தேசம்

முக்கொம்பில், ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டுவித்த மேலணையின் அருகே, மரநிழலில் ஜமக்காளம் விரித்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்த மாத்திரத்தில், ஸ்ரீரங்கத்துக் கனவான்களுக்குச் சமுத்திரம் தாண்டும் உற்சாகம் பிறந்துவிடுகிறது. நாகப்பட்டினம் வரை வேனில் போய், 2023 அக்டோபரில் தொடங்கி, சில நாளிலேயே நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி புறப்பட்ட காங்கேசன்துறைக் கப்பலில் ஏறி, யாழ்ப்பாணத்திலிருந்து சாலைவழியே தெற்கு நோக்கிச் சென்று, ஆங்காங்கே கூடாரமடித்து வனவாசம் செய்வதென ஏகமனதாகத் தீர்மானமாகிறது.

ஒரு காலத்தில் எழும்பூரில் போட் மெயில் ஏறியவன், திருச்சி வழியாகத் தனுஷ்கோடி போய், கப்பலில் தலைமன்னார் சேர்ந்து, மறு ரயிலில் கொழும்பில் இறங்கினான். அவன் யாரிடமும் ஆலோசனை கேட்டதாகத் தெரியவில்லை. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போயிற்று. ஆலோசனைக் கூட்டங்களை அசைக்கும் புயல் இன்னும் உற்பத்தியாகவில்லை.

கூடாரம் ஒன்று என்று ஆரம்பித்த சாமான் பட்டியல், காபி பில்டர், மாவடு ஜாடி, பருப்புப்பொடி, முழங்கால் தைலம் எனப் பல்கிப் பெருகுகையில், கேஸ் சிலிண்டரைக் கப்பலில் ஏற்றமாட்டார்களே என்று ஒருவர் பிரஸ்தாபிக்க, "அப்போ ரசத்துக்கு என்ன ஓய் வழி?" என்ற ஜீவாதாரப் பிரச்சினை எழுந்து சபையை மாலைவரை ஆட்கொள்கிறது. எவரிடமும் பாஸ்போர்ட் இல்லை என்கிற அற்ப விஷயம் மட்டும், நேரமின்மை காரணமாக, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைக்கப்படுகிறது.