துப்பாக்கிக் கட்டை: செங்கற்பட்டுச் சீமையில் அதன் பேணலும் களப் பயன்பாடும் குறித்த ஓர் ஆய்வு

துப்பாக்கியைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் குழலைப் பற்றியே எழுதினார்கள். துளையளவு என்ன, குண்டு எவ்வளவு தூரம் போகும், புலி எத்தனை கெஜத்தில் விழுந்தது என்பதுதான் அவர்கள் கவலை. தோளில் இடிபடுவதும், வெயிலில் காய்வதும், மழையில் ஊறுவதும், பரணில் கிடந்து எலியிடம் கடிபடுவதும் மரக்கட்டைதான். கென்னத் ஆண்டர்சன் .405 வின்செஸ்டரோடு காடு காடாக அலைந்த கதைகளை விழித்திருந்து படித்தவர்கள்கூட, அதன் கட்டைக்கு என்ன எண்ணெய் போட்டார் என்று கேட்டதில்லை. இக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

ஆய்வுக் களமாகக் கருங்குழியைத் தேர்ந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1781 ஜனவரியில் ஹைதர் அலியின் ஆட்களிடமிருந்து இவ்வூர்க் கோட்டையை அயர் கூட் பிடித்தார். கும்பினிச் சிப்பாய்களோடு அக்ரூட் மரக்கட்டைகளும் அன்று ஊருக்குள் வந்தன. 1795 முதல் 1825 வரை மாவட்டத்தின் தலைமையிடமே கருங்குழிதான். ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து நிற்காமல் போகும்போது ஊர்க்காரர்கள் இந்தத் தகவலை நினைத்துப் பெருமூச்சு விடலாம்.

அந்தக் காலத்தில்தான் நம் ஆய்வுப் பொருளின் தலையெழுத்து மாறியது. பக்கத்து வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ள, ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம், பறவை போனால் விளைச்சல் போகும் என்பது அவர்கள் கணக்கு. 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைச் சுடக்கூடாதென்று கவுல் எழுதிக் கொடுத்தார். மதுராந்தகம் ஏரியையும் ராமர் கோயிலையும் சேர்த்து இன்றும் பேசப்படுகிறாரே, அதே பிளேஸ்தான். இன்றுவரை வேடந்தாங்கலில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வாணத்துக்கே வழியில்லாத வட்டாரத்தில் துப்பாக்கி என்ன செய்யும்?

பிறகு 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை போயிற்று, துப்பாக்கி இருந்தது. பயிர்ப் பாதுகாப்பு என்று காரணம் காட்டி உரிமம் வாங்கி, அதைப் புதுப்பித்துப் புதுப்பித்துத் தலைமுறைக்குத் தலைமுறை கைமாற்றி வைத்திருப்பவர்கள் மாவட்டத்தில் இன்னும் இருக்கிறார்கள். காட்டுப்பன்றி வந்தால் சுடலாமா என்றால், கூடாது. அது வனத்துறையின் வேலை. சுடுகருவி இருந்தும் சுடாமல் நிற்கும் இந்த நிலைக்கு மாமல்லபுரத்தில் பல்லவர் காலத்து முன்மாதிரி உண்டு. அருச்சுனன் தபசுப் பாறையில் ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவம் செய்கிறது, காலடியில் எலிகள் ஓடுகின்றன. கடற்கரைக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நம் உரிமதாரரைப் பார்த்தவர்கள் அப்படிச் சிரிக்க மாட்டார்கள்.

முதன்மைத் தகவலாளி, கருங்குழியை அடுத்த ஒரு கிராமத்து நெல் விவசாயி. இனி இவர் ‘தகவலாளி அ’ எனப்படுவார். தகவலாளி ஆ கிடைக்கவில்லை. அந்த விவசாயியிடம் இருப்பது தாத்தா காலத்து ஒற்றைக் குழல் நாட்டுத் துப்பாக்கி. வாய்வழியே மருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் கெட்டிக்கும் வகை. கட்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அதன் வரலாறு புரியும். கை பிடிக்கும் ஒடுங்கிய இடத்தில் மூன்று தலைமுறை வியர்வை ஏறி மரம் கருத்திருக்கிறது. அதே இடத்தில் ஒரு பழைய கீறலுக்குச் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது. அடிப்பகுதியில் ரப்பர் செருப்பு ஒன்றிலிருந்து வெட்டிய துண்டு, நான்கு ஆணி அடித்து. பக்கவாட்டில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அடுக்கடுக்காகக் காய்ந்து, தனியே ஒரு தோலாகியிருக்கின்றன. விசை வளையத்தில் சணல் கயிறு, அதில் ஓர் அட்டை. அந்த அட்டைக்குப் பிறகு வருவோம்.

மரம் எது என்பதில் இரண்டு பள்ளிகள். பூவரசு என்பார் தகவலாளி. வாகை என்பது கட்டை மாற்றிக் கொடுத்த நரிக்குறவர் பெரியவரின் கூற்றாகத் தகவலாளியின் மனைவி சொல்வது. நாட்டுத் துப்பாக்கியைச் செப்பனிடுவதில் அந்தப் பெரியவரின் தலைமுறைக்கு நிகர் கிடையாது. அவர் பிள்ளைகள் மாமல்லபுரத்தில் பாசிமணி விற்கிறார்கள். ஆகவே தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. சந்தனத்தைச் சுரண்டிப் பார்த்தால் தெரியும். அதற்குத் தகவலாளி சம்மதிக்கவில்லை.

எண்ணெயில் மட்டும் இவ்வாய்வாளர் திட்டமான முடிவு உடையவர். ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகும், மரத்தின் கண்களை அடைத்து மேலே பூச்சாக நிற்கும். விளக்கெண்ணெய் இறுகாது, பிசுபிசுக்கும், தூசியை இழுக்கும். நல்லெண்ணெய் இரண்டுக்கும் நடுவில் மனம் ஒப்பாமல் கிடக்கும். தேங்காயெண்ணெய் பற்றித் தகவலாளியின் கருத்தே போதுமானது: “இன்னாத்துக்கு சார் அது? எறும்பு வந்து குடி ஏறிக்கும். அப்புறம் அதுக்கும் லைசென்ஸ் கேப்பாங்க.”

குழலுக்குப் போடும் எண்ணெய் கட்டைக்கு எமன். இயந்திர எண்ணெய் மெல்ல இறங்கி, இரும்பும் மரமும் சேரும் இடத்தில் ஊறி, மரத்தைப் பஞ்சாக்கிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் துப்பாக்கியைக் குழல்முனை கீழே இருக்கும்படிச் சாய்த்து வைப்பார்கள். வங்கி வாசலில் டபுள் பேரலோடு உட்கார்ந்திருக்கும் முன்னாள் ராணுவத்தாரிடம் இதைச் சொன்னபோது, முனை கீழே இருந்தால் மேனேஜர் கோபிப்பார், மேலே இருந்தால் வாடிக்கையாளர் பயப்படுவார், அதனால் மடியில் குறுக்கே வைத்துக்கொள்கிறேன் என்றார். மடித் துணியில் உரசி அந்தக் கட்டைக்கு ஏறியிருந்த மெருகை எந்த எண்ணெயும் தராது.

மரம் ஈரத்தில் நீளவாக்கில் அசையாது, குறுக்குவாக்கில் உப்பும். வளைய வரிகளின் போக்கில் உப்புவது, அவற்றுக்குக் குறுக்கே உப்புவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. உப்பிய கட்டை குழலை ஒருபுறம் நெருக்கும், ரைஃபிளின் குறி தவறும். மேல்நாட்டார் இதற்காகவே குழலுக்கும் மரத்துக்கும் நடுவே தாள் நுழையும் அளவு இடைவெளி விடுகிறார்கள். நம் தகவலாளியின் துப்பாக்கிக்குள் புரிகள் இல்லை, அது ரவையை விசிறியடிக்கும் வகை. ஆகவே இந்தப் பத்தி அவருக்குப் பயன்படாது. ஆனாலும் ஆய்வு என்று வந்துவிட்டால் சொல்லத்தான் வேண்டும்.

இனி களப் பயன்பாடு. தகவலாளி துப்பாக்கியோடு வீட்டை விட்டு இறங்குவது ஒரே காரியத்துக்குத்தான்: தேர்தல். தேதி அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், முடிவு வந்தபின் திரும்பப் பெற வேண்டும். வங்கிக் காவலாளிக்குப் பொதுவாக விலக்கு உண்டு, விவசாயிக்கு இல்லை. வீட்டிலிருந்து நிலையம்வரை பழைய வேட்டியில் சுற்றி, மகனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, மடியில் படுக்க வைத்துக்கொண்டு போகும் அந்த வழிதான் இன்று மரக்கட்டைத் துப்பாக்கியின் களம் என்பது இவ்வாய்வின் துணிபு.

சான்றுகள் வலுவானவை. 2021 பிப்ரவரி 26-ல் சட்டமன்றத் தேர்தல் அறிவிப்பு, மே 2-ல் எண்ணிக்கை. கட்டை கோடையை உள்ளேயே கழித்துச் சுருங்கியது. திருகுகள் ஆடின. வீட்டுக்கு வந்து அவற்றை முறுக்கி முடிப்பதற்குள் அக்டோபர் 6, 9 தேதிகளில் ஊரக உள்ளாட்சித் தேர்தல். புதிதாகப் பிரிந்த மாவட்டம் என்பதால் செங்கற்பட்டுக்கு அப்போதுதான் வாய்த்தது. மழை தொடங்கும் நேரம், கட்டை உப்பியது. 2022 பிப்ரவரி 19-ல் நகர்ப்புறத் தேர்தல், கருங்குழி பேரூராட்சியும் அதில் உண்டு. கட்டை மறுபடி உள்ளே போனது. 2024-ல் தமிழ்நாடு ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டு மையைக் கழுவிவிட்டது. நாட்டின் மற்ற பகுதிகள் போட்டு முடித்து எண்ண ஜூன் 4 ஆயிற்று. மார்ச் 16 அறிவிப்பிலிருந்து எண்பது நாள், வடக்கே யாரோ வரிசையில் நிற்பதற்காக இந்தப் பூவரசு (அல்லது வாகை) இங்கே அக்னி நட்சத்திரத்தில் காய்ந்தது. கூட்டாட்சி பற்றி எழுதுகிறவர்கள் இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சணல் கயிற்று அட்டை காவல் நிலையத்தில் கட்டியதுதான். உரிமதாரர் பெயர், குழலின் எண் எல்லாம் அதில் உண்டு. உரிமப் புத்தகத்திலும் குழலுக்கே எண், கட்டைக்கு ஒரு சொல்லும் இல்லை. திரும்ப வாங்கும்போது அதிகாரி எண்ணைச் சரிபார்க்கிறார். தகவலாளி எண்ணைப் பார்ப்பதில்லை; கட்டையைக் கண்ணருகே தூக்கி, புதுக் கீறல் உண்டா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்.

கடைசியாக அது எப்போது வெடித்தது என்ற கேள்வியை இவ்வாய்வாளர் தயக்கத்தோடு கேட்டார். தகவலாளியின் பேரன் முந்திக்கொண்டு, “தாத்தா, ஒரே ஒரு வாட்டி சும்மா சுட்டுக் காட்டேன்” என்றான்.

“போடா,” என்றார் அவர். “சுட்டா அதிர்ச்சில கட்ட வெடிச்சிரும். அப்புறம் எலெக்சனுக்கு எத எட்த்துகினு போறது?”