புது வீடே வாங்கு மாப்ளே!

வா மாப்ளே, உக்காரு. அந்த வழவழப் புஸ்தகத்தை இங்கிட்டுத் தள்ளு. அடேயப்பா, என் மக கல்யாணப் பத்திரிகைகூட இம்புட்டுக் கனம் இல்லை. நீச்சல் குளம் இருக்கு. குளத்தோரம் ஒரு வெள்ளைக்காரி சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருக்கா. எல்லாம் சரி. பதினாலு மாடிக்கும் விரலை வச்சு எண்ணிப் பாத்துட்டேன், ஒரு பால்கனியிலயாவது ஒரு கிழிஞ்ச துண்டு காயணுமே? காயலை. குளிக்காத சனம் குடியிருக்கிற ஊரு போல. நீ தாராளமா வாங்கு.

நான் என்னத்தைக் கண்டேன்? சாத்தூருப் பக்கத்துல இருந்து கரண்டியையும் தூக்குக்குண்டையும் கோணிப்பையில போட்டுக்கிட்டு மெட்ராசுக்கு ரயிலேறுன கொத்தன். எனக்குத் தெரிஞ்சது சுவரு, தரை, கூரை. 'லைப்ஸ்டைல்'னு அந்தப் புஸ்தகத்துல பக்கத்துக்குப் பக்கம் போட்டிருக்கானே, அது மூட்டை என்ன விலைன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

போன வாரம் மாதிரி வீடு பாக்கன்னு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனியே, அன்னைக்கு நீ ஏசிக்குள்ள காப்பி குடிச்ச நேரத்துல நான் என்ன செஞ்சேன்னு உனக்குத் தெரியாது. கழுத்துல டை கட்டுன பொடியன் 'ஆயிரத்து இருநூறு சதுர அடி சார்'னான், நீயும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டுன. நான் கக்கூசுக்குப் போற மாதிரி எந்திரிச்சுப் போயி அறை அறையா டேப்பை இழுத்தேன். 860 தான் வந்துச்சு. மிச்சம் 340 எங்கடா தம்பின்னு கேட்டா லிப்ட்டு, மாடிப்படி, நடைவழி, ஜெனரேட்டர் ரூம்புன்னு ஒப்பிக்கிறான். வாட்ச்மேன் நாற்காலி போட்டிருக்கானே, அந்த இடத்துலயும் உனக்கு ஒரு சாண் உண்டாம். தவணை கட்டுற அன்னைக்கு அதுல போயிக் கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வா, காசு வீணாகாது.

2016-லயே ரியல் எஸ்டேட் சட்டம் போட்டு, சுவருக்குள்ள இருக்கிற அளவை ஒப்பந்தத்துல காட்டணும்னு சொல்லியாச்சு. காட்டத்தான் செய்யிறாக, பொடி எழுத்துல. வாயில வர்றது மட்டும் இன்னும் பழைய கணக்கு. சரி, அடி மண்ணுல உன் பங்கு எம்புட்டுன்னு கேட்டியா? நான் கேட்டேன். பிரிபடாத பாகம் 400 சதுர அடியாம். எந்த 400? அது ஆண்டவனுக்கும் தெரியாது, பத்திரம் எழுதுனவனுக்கும் தெரியாது. ஒரு முருங்கைக் கொப்பு நட எடம் காட்டுன்னா 'லேண்ட்ஸ்கேப்பிங் பண்ணித் தருவோம் சார்'ங்கிறான். முருங்கை அவுக லிஸ்ட்டுல இல்லையாம். போனா போகட்டும், கீரைய ஆப்புல வாங்கிக்க.

அப்புறம் உங்க தாத்தா போட்டோவை எங்க மாட்டப்போறன்னு யோசிச்சியா? சுவத்துல ஆணி இறங்காது. அது செங்கல் சுவரு இல்லை மாப்ளே. அலுமினியச் சட்டத்தை நாலு பக்கமும் பூட்டி, சுவரையும் மேல்தளத்தையும் ஒண்ணாக் கான்கிரீட்டுல ஊத்தி எடுக்கிறாக. மைவான்னு பேரு. இட்லி ஊத்துற மாதிரிதான், தட்டு பெருசு. வேகம்னா வேகம், நாங்க ஒரு சுவரு எழுப்புறதுக்குள்ள அவன் ஒரு மாடி ஏறிருவான். பலமும் இருக்கு, பொய் சொல்லக்கூடாது, பூமி ஆடுனா வெறும் செங்கல் கட்டடத்தைவிட நல்லாவே நிக்கும். ஆனா நாளைக்கு உன் பொண்டாட்டி சமையக்கட்டை ரெண்டடி இழுக்கணும்னு கேட்டா, கையக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான். அங்க சுவருதான் தூணு. ஒண்ணுல கைவச்சா மேல இருக்கிற பதிமூணு குடும்பமும் உன்னைத் தேடி வந்துரும்.

சூட்டைச் சொல்லலையே. செங்கலைவிடக் கான்கிரீட்டு வெயிலைச் சுருக்கா உள்ள கடத்திரும். பகல் பூரா வாங்கிக்கிட்டதை ராத்திரி உன் முதுகுல திருப்பிக் குடுக்கும். நீ பேங்குக்கு வட்டி கட்டுற, சுவரு உனக்கு வட்டி கட்டுது, வாங்கிப் போட்டுக்க. சன்னலுக்கு மேல சன்ஷேடு எங்கடான்னு பொடியனைக் கேட்டேன். 'எலிவேஷன் கெட்டுப்போகும் தாத்தா'ன்னான். ஐப்பசியில கிழக்க இருந்து சாச்சு அடிக்குமே மழை, அதுக்கு எலிவேஷன்னா என்னன்னு யாராச்சும் முன்கூட்டியே சொல்லி வச்சாத் தேவலை.

இப்ப உன் குரோம்பேட்டை வீட்டுக்கு வாரேன். புரோக்கர் காட்டுனப்ப 'பழசு மாமா'ன்னு உதட்டைப் பிதுக்குனியே, அதேதான். குரோம் லெதர்னு ஒரு தோல் கம்பெனியால பேரு வாங்குன ஊரு அது. 1931-ல பீச்சுல இருந்து தாம்பரத்துக்குக் கரண்டு ரயிலு விட்டான். அதுக்கப்புறந்தான் கோட்டையில குமாஸ்தா வேலை பாக்கிறவனும் ஊருக்கு வெளிய ஒரு கிரவுண்டு வாங்கி வீடு கட்டலாம்னு ஆச்சு. கிரவுண்டுன்னா 2,400 சதுர அடி. அதுல 800, 900-க்கு வீட்டைக் கட்டிட்டு, மிச்சத்துல கிணறு, துவைக்கிற கல்லு, ரெண்டு தென்னை, ஒரு கொய்யா, சுத்திவர நடக்க எடம்னு விட்டாக. விட்ட எடந்தான்டா அந்த வீட்டுக்கு மூச்சு. இப்ப அந்தத் தெருவுல போயிப் பாரு, பாதி வீட்டை இடிச்சு அடுக்கிட்டாக. கொய்யா மரம் நின்ன எடத்துல கார் நிக்குது.

நீ பாத்த வீட்டைக் கட்டுனவரு தந்தி ஆபீசுல வேலை பாத்தவரு. 1979-ன்னு நெனைக்கிறேன், பிஎப்புல கடன் எடுத்துக் கட்டுனாரு. எனக்கு எப்படித் தெரியும்னு இப்பக் கேக்காதே, பொறு.

அப்பல்லாம் சிமெண்டுக்குப் பெர்மிட்டு. எழுதிக் குடுத்துட்டு அலையணும், மூட்டை வர்றதுக்குள்ள செருப்பு தேஞ்சிரும். 1982-லதான் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்துனாக. அப்படிக் கெடைச்ச மூட்டையை ஒரு மனுசன் எப்படிக் காப்பாத்துவான்? கருப்புக் குடையைப் பிடிச்சுக்கிட்டுக் கலவைக்குப் பக்கத்துலயே நிப்பாரு. குடைக்காரர்னு பேரு வச்சோம். காலிச் சாக்கை உதறி, அதுல உதிர்ற பொடியையும் கலவையில சேக்கச் சொல்லுவாரு. செங்கல்லைத் தொட்டியில போட்டா குமிழி அடங்குற வரைக்கும் எடுக்க விடமாட்டாரு. நாங்க எழுப்புன சுவத்துக்குக் காலையில அஞ்சு மணிக்கு வந்து அவரே தண்ணி ஊத்துவாரு, அப்புறம் ஆறரை ரயிலைப் பிடிப்பாரு. லீவு நாளுன்னா எங்களுக்குச் சனி. வாய்க்குள்ள அம்புட்டு வஞ்சிருக்கோம் மாப்ளே, அவரு சம்சாரம் மோர் கொண்டாந்தா மட்டும் கொஞ்சம் நிறுத்துவோம்.

ஆனா பாரு, அந்த மனுசன் அந்த வீட்டுக்குள்ளதான் கெழவனாகணும்னு இருந்தாரு. நாங்க ஒரு மூலையை ஏமாத்துனா அந்த மூலையைத் தெனம் பாத்துக்கிட்டுச் சோறு திங்கப் போறது அவரு. உன் புஸ்தகக்காரன் நீ பால் காச்சுறதுக்கு முன்னாடியே அடுத்த சைட்டுக்குக் கொட்டகை போட்டிருப்பான். அங்க குடை பிடிக்க ஆளே இல்லை. விளம்பரத்துலதான் குடை பிடிச்ச பொண்ணு நிக்குது.

தளத்துக்கு மேல சுருக்கி போட்டதைச் சொல்லணும். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறுன தண்ணியைத் தெளிச்சுத் தெளிச்சு, எட்டுப் பொம்பளைக வரிசையா உக்காந்து கட்டையால நாள் கணக்காத் தட்டுனாக. தட்டுற சத்தம் மாறும் மாப்ளே. முதல் நாள் பொத்துப் பொத்துன்னு கேக்கும், இறுகிட்டா கணீர்னு வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் மேஸ்திரி போதும்பாரு. அதுக்கு மேல தட்டோடு. எங்க மேஸ்திரி காலத்துல இன்னும் ஒருபடி மேல. தேக்கு உத்தரம் போட்டு, செங்கல்லைச் சாச்சு நிறுத்தி, கம்பியே இல்லாம மெட்ராஸ் டெரசுன்னு கூரை போட்டாக. அந்த வித்தை எங்க செட்டுக்கு வரலை. வந்தது இந்தச் சுருக்கிதான். அந்த வீட்டு மொட்டை மாடியில சித்திரையில பாயைப் போட்டுப் படுத்துப் பாரு, கத்தரி வெயிலுக்கு யாரு பதில் சொல்லியிருக்கான்னு தெரியும். உன் பதினாலு மாடிக்காரன் மொட்டை மாடிக்குப் பூட்டு. சாவி அசோசியேஷன்ல. வடாம் காயப் போடணும்னா கமிட்டி கூட்டணும்.

ஆனா பழசுன்னா எல்லாம் யோக்கியம்னு நெனைச்சுராதே. குறையைச் சொல்லாம வித்தா நானும் புரோக்கர்தான்.

நாங்க கட்டுறப்ப மூணு படி ஏறி உள்ள போவாக. வருசா வருசம் பழைய தாரைச் சுரண்டாம அதுமேலயே புதுத் தாரைக் கொட்டுனதுல இப்ப ரோட்டுல இருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள்ள போகணும். மழைத்தண்ணிக்கு அது அழைப்பிதழ் வச்ச மாதிரி. அரியானாப் பக்கத்து ஆளுக வந்து, காருக்கு டயரு மாத்துற மாதிரி வீட்டுக்கு அடியில வரிசையா ஜாக்கி வச்சுத் தூக்குறாக, மெட்ராசுல எத்தனையோ வீட்டைத் தூக்கியாச்சு. செலவு இருக்கு. இரும்புக் குழாய் உள்ளுக்குள்ள துருப்பிடிச்சு ரத்தக்குழாய் அடைச்ச மாதிரி இருக்கும், மொத்தமா மாத்தணும். வயரிங்கு தேக்குக் கட்டையில கிளிப்பு அடிச்சது. அழகா இருக்கும், ஏசியை மாட்டுனா அழகு கருகிரும். அறையில தூங்குறப்ப மேல பாரு, எங்கயாச்சும் பூச்சு உப்பியிருந்தா உள்ள கம்பி துருப்பிடிச்சு வீங்கிருச்சுன்னு அர்த்தம். கதவு நிலையைத் தட்டு, பொதபொதன்னு கேட்டா கரையான் உனக்கு முந்தியே குடிவந்திருச்சு. கக்கூசு கொல்லைப்புறத்துல. ராத்திரி எந்திரிச்சா நட்சத்திரம் பாத்துக்கிட்டே போகலாம், உன் பொண்டாட்டி அதுக்குச் சம்மதிப்பாளான்னு கேட்டுக்க. பேங்குக்காரன் கட்டடத்துக்கு வயசு கேப்பான், கடனுக்கு வருசத்தைக் குறைப்பான். லிப்ட்டுக் கெடையாது, ஆனா ஏறுறதுக்கு மாடியும் கெடையாது.

ஏரி சங்கதியிலயும் பழைய ஆளுக உத்தமன் இல்லை. தி.நகர்னு இன்னைக்குத் தங்கம் விக்கிற இடம் இருக்கே, அது மாம்பலம் ஏரியைத் தூத்து 1920-கள்ல போட்ட மனை. அவன் ஏரியைத் தூத்து நகர்னு பேரு வச்சான். இவன் ஏரிக்கரையில கட்டி 'லேக் வியூ'ன்னு பேரு வைக்கிறான், அம்புட்டுத்தான் வித்தியாசம். 2015 டிசம்பர்ல முடிச்சூர்ப் பக்கம் ஏரியும் ஆறும் தானே வந்து வீட்டுக்குள்ள வியூ காட்டுச்சே, மறந்துட்டியா? பழசோ புதுசோ, அந்த வருசம் தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரைக் கேளு. புரோக்கரைக் கேக்காதே, அன்னைக்கு அவரு ஊருலயே இல்லைம்பாரு.

சரி, எனக்கெப்படித் தெரியும்னு மொறைக்கிற. அந்தக் கூடத்துத் தரை நான் போட்டது. சிவப்புக் காவித் தரை. அது ஒரே மூச்சுல முடிக்கிற வேலை மாப்ளே, பாதியில எந்திரிச்சாத் தையல் போட்ட மாதிரி கோடு விழுந்துரும். விடியமுன்ன சன்னல் பக்கத்துல ஆரம்பிச்சு, கரண்டியால தேய்ச்சுத் தேய்ச்சுப் பின்னாலயே நகந்து, அந்தி மயங்குறப்ப வாசப்படிக்கு வந்தேன். கண்ணாடி மாதிரி கெடந்துச்சு. பீடி பத்தவைக்கத் திரும்புனேன், பக்கத்து வீட்டுக் கோழி உள்ள போயி பூஜை அறை மூலை வரைக்கும் நடந்துட்டு வந்திருச்சு. குடைக்காரர் பாத்தாரு. திட்டலை. எங்கூலியில ரெண்டு ரூபாயைப் பிடிச்சுக்கிட்டாரு. அப்புறம் அதைச் செதுக்கித் திரும்பப் போடவும் விடலை. அவரு சம்சாரம் வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அந்தக் காலைச் சுத்தி மாக்கோலம் போட்டதா அப்புறம் கேள்விப்பட்டேன்.

நீ புது வீடே வாங்கு, நான் குறுக்க நிக்கலை. அதுக்கு முன்னாடி ஒரு தடவை, நல்லா மழை பிடிச்ச ஒரு நாள்ல, அந்த வீட்டுக்குள்ள போயிட்டு வா. சாவி எதிர்வீட்டு டீச்சர் அம்மாகிட்ட இருக்கு. பரணுக்கு அடியில ஒழுகுதான்னு பாரு, ரோட்டுத் தண்ணி எந்தப் படியில நிக்குதுன்னு பாரு, அப்படியே பூஜை அறை மூலையில குனிஞ்சு மூணு விரல் தடம் தெரியுதான்னும் பாரு. வாங்குறதா இருந்தா மட்டும் எனக்கு அந்த ரெண்டு ரூபாயைக் குடுத்துரு. வட்டி வேண்டாம்.