எண் 93

வீரமாமுனிவர் மாதா கோயில் எழுப்பிய ஏலாக்குறிச்சியில் ஓர் அம்மாள், கொள்ளிடக் கரைப்பக்கம் போய் வீட்டு மாட்டுக்குப் புல்லறுத்து, சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையோடு திரும்புகிறார் என்று வையுங்கள். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் இவருக்கு எண் 93: வீட்டு வேலையோடு விறகு, தீவனம் சேகரிப்பவர். உழைப்பாளர் கணக்கில் வரமாட்டார். டீக்கடை பெஞ்சில் காலாட்டியபடி ‘வேலை கிடைச்சா போவேன்’ என்கிற அவர் வீட்டுக்காரருக்கு எண் 81. அவர் மட்டும் உழைப்புப் படையில் சேர்த்தி!

பால் சொசைட்டிக்குப் போகத் தொடங்கினால் அம்மாளுக்குப் பதவி உயர்வு உண்டு. எண் 21, சம்பளமில்லாத உதவியாளர். வீட்டுக்காரர் 11, சுயதொழில் செய்பவர். மாடு யாரைக் கண்டால் கத்துகிறது என்று கேட்கப் படிவத்தில் கட்டமில்லை.

அதே படிவத்தில் சாதிக்கு நாலே பெட்டி. இங்கே பிற்பட்டோர், மிகவும் பிற்பட்டோர் என்று பிரித்து வைத்திருப்பதெல்லாம் டெல்லிப் படிவத்தில் ஒரே மூன்றாம் எண். நாடு முழுக்கச் சாதிவாரியாக எண்ணிக் கடைசியாக வெளியிட்டவன் வெள்ளைக்காரன், 1931-இல். 2011-இல் நாமும் எண்ணினோம். சாதிக்கணக்கு மட்டும் வெளியே வரவில்லை.

அம்மாளின் வீட்டு வேலையையாவது எண்ணி, 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வு கொஞ்சம் புண்ணியம் கட்டிக்கொண்டது. சம்பளமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்களுக்கு நாளுக்கு 289 நிமிடம், ஆண்களுக்கு 88. அந்த 88 ஆம்பளைகள் வாயால் சொன்னதா, பக்கத்தில் நின்று யாராவது பார்த்து எழுதியதா?