வள்ளி திருமணம் பார்த்துவிட்டுக் காலை ஷிப்டுக்கு நிற்பது எப்படி?

இந்தக் கையேடு அருப்புக்கோட்டைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் வேலை பார்க்கிற, திருச்சுழிக்குப் போகிற சாலையில் கைகாட்டினால் பஸ் நிற்கும் ஊர் ஒன்றில் வீடு வைத்திருக்கிற, இருபதுகளில் இருக்கும் பிள்ளைகளுக்காக எழுதப்படுகிறது. மற்றவர்களும் படிக்கலாம். ஆனால் "அங்க எப்படிப்பா பொழுது போகுது?" என்று சென்னையிலிருந்து போன் போட்டுக் கேட்கும் சேக்காளிக்கு இதைக் காட்ட வேண்டாம். அவன் தாம்பரத்தில் டிராபிக்கில் நிற்கிறான், பாவம்.

வாரம் திங்கட்கிழமை தொடங்குகிறது என்று வங்கியில் வேலை பார்ப்பவர்கள் நம்பலாம். கரிசக்காட்டில் மாசி முடிந்து, மல்லியும் மிளகாயும் களத்தைவிட்டு வீட்டுக்குள் வந்துவிட்டால், வாரத்தைத் தொடங்கி வைப்பது நாடக நோட்டீஸ்தான். பங்குனிப் பொங்கல், சித்திரைப் பொங்கல், வைகாசிப் பொங்கல் என்று ஊருக்கு ஒரு சாமி, சாமிக்கு ஒரு பொங்கல், பொங்கலுக்கு ஒரு நாடகம். முன்பெல்லாம் நோட்டீஸை டீக்கடைச் சுவரில் ஒட்டுவார்கள். இப்போது வாட்ஸாப்பில் வருகிறது, ஒரே நோட்டீஸ் எட்டுக் குழுவிலிருந்து. வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தேதியை அல்ல, பபூன் யார் என்பதை. தேதி எப்படியும் உங்களுக்குக் காலை ஷிப்ட் இருக்கும் நாளாகத்தான் இருக்கும்.

நோட்டீஸில் அம்மன் படத்துக்குக் கீழே வரிசையாக முகங்கள்: ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு. ஒவ்வொரு முகத்துக்குக் கீழேயும் ஒரு பட்டம், ஒரு ஊர்ப்பெயர். ஊர்ப்பெயர்களைக் கவனியுங்கள், பெரும்பாலும் ஒன்றோடொன்று ஒட்டாது. இது ஸ்பெஷல் நாடகம். கம்பெனி கிடையாது. மதுரையிலிருந்து ஒருவர், புதுக்கோட்டையிலிருந்து ஒருவர், திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் என்று தனித்தனியாகப் பேசி முடிக்கிறார்கள். ஒத்திகை என்ற பேச்சே இல்லை. பல இரவுகளில் முருகனும் வள்ளியும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே கொட்டகைக்குப் பின்னால் அரிதாரம் பூசும்போதுதான். அதற்குப் பிறகு விடியும் வரை பிசிறில்லாமல் ஓட்டிவிடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே பாடம்: 1867-இல் பிறந்து 1922-இல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிவைத்த வள்ளி திருமணம். மில்லில் ஒரு மிஷினைத் தொட ஒரு வாரம் பயிற்சி கொடுக்கிறார்கள். இதைச் சூப்பர்வைசரிடம் போய்ச் சொல்லிக்காட்ட வேண்டாம்.

கூட்டாளி சேர்ப்பது அடுத்த வேலை. சரியான குழு நாலு பேர் கொண்டது. பைக் வைத்திருப்பவன் ஒருவன். பைக்குக்குப் பெட்ரோல் போடுகிறவன் ஒருவன்; இரண்டு பேரும் ஒரே ஆளாக இருந்ததாக வரலாறு இல்லை. பாயும் போர்வையும் வீட்டிலிருந்து கேள்வியில்லாமல் எடுத்துவரக்கூடியவன் மூன்றாமவன். நாலாமவன் சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் வேலை பார்ப்பவனாக இருந்தால் உத்தமம். பங்குனி, சித்திரையில் அவனுக்குக் காலண்டர் நெருக்கடி இருக்காது. ஐப்பசிக்கு மேல் அவனை யாரும் உயிரோடு பார்க்க முடியாது. திருப்பூருக்குப் போன கூட்டாளியைக் கணக்கில் சேர்க்காதீர்கள். "மாப்ள, கண்டிப்பா வந்துருவேன்" என்பான். நாடகம் முடிந்து மூன்றாம் நாள் வருவான், கையில் பனியன்களோடு.

சாப்பாட்டை எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். பரோட்டாதான், வேறு பேச்சு வேண்டாம். விருதுநகரின் பொரிச்ச பரோட்டாவுக்காக இருபது கிலோமீட்டருக்கு மேல் போகலாமா என்ற விவாதம் ஒவ்வொரு முறையும் எழும். எண்ணெயில் மூழ்கி, முறுகி வரும் அந்தப் பரோட்டாவை நொறுக்கிச் சால்னாவில் ஊறவிட்டுத் தின்பது தனிச் சுகம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் நாடக ராத்திரியில் அது தப்பு. நாலு பொரிச்ச பரோட்டா உள்ளே போனால் நாரதர் வருவதற்குள் நீங்கள் குறட்டையில் இருப்பீர்கள். உள்ளூரில் சாதாப் பரோட்டா இரண்டு, முட்டை ஒன்று, அத்தோடு எழுந்துவிடுங்கள். சால்னா இரண்டாம் தடவை கேட்கும்போது "அண்ணே" என்று இழுக்க வேண்டும். மூன்றாம் தடவைக்குக் கண்ணால் கேட்டாலே போதும். விருதுநகர்ப் பயணத்தைச் சம்பள நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவனுக்குத்தான் சம்பளம் வந்திருக்கும், அவனை நடுவில் உட்காரவைக்க வேண்டும். ஓரத்தில் உட்கார்ந்தால் பில் வரும்போது கை கழுவப் போய்விடுவான்.

பத்து மணிக்கு மேடையில் விளக்கு. இனி விடியும்வரை உறக்கத்தை எப்படிப் பங்கு வைப்பது என்பதுதான் இந்தக் கையேட்டின் உயிர்நிலை, நிதானமாகப் படியுங்கள்.

முதலில் பபூன். அப்புறம் டான்ஸ். இந்த நேரத்தில் தூங்குகிறவன் நாடகத்துக்கு வந்திருக்கவே வேண்டாம். அதே சமயம், பபூன் இருக்கும்வரை அம்மா, அத்தை, மதினி யாரும் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும்படி உட்காராதீர்கள். பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று ஊரே பிரித்துத்தான் வைத்திருக்கிறது. இருந்தாலும் பபூன் சொன்னதற்கு நீங்கள் சிரிப்பதை அத்தை பார்த்துவிட்டால், அடுத்த நாள் அந்தச் சிரிப்பு வீடு வீடாகப் போகும். இந்தச் சிக்கலுக்குத்தான் டீக்கடை என்ற ஒன்றைக் கொட்டகையின் பின்பக்கமாகப் போட்டிருக்கிறார்கள். கையில் சுக்குக் காப்பியோடு, மேடையைப் பார்க்காத மாதிரி நின்று, ஒரு வார்த்தை விடாமல் கேட்கலாம். அத்தைகளும் தலையைக் குனிந்து சேலைத் தலைப்புக்குள் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை.

டான்ஸ் முடிந்து முருகன் வந்து பாட ஆரம்பித்ததும் பாயை விரிக்கலாம். முருகனை அவமதிப்பதாக நினைக்க வேண்டாம். கிழவர்கள் முழித்திருந்து கேட்பார்கள், அவர்களுக்குப் பகலில் தூங்க நேரம் இருக்கிறது. ஒரு கிழவர் பக்கத்தில் படுத்துக்கொள்வது நல்லது. ராகம் கொஞ்சம் தாழ்ந்தால் அவர் பழைய ராஜபார்ட்டுகளின் கதையை ஆரம்பித்துவிடுவார். சிவகாசியில் பிறந்த விசுவநாத தாஸ் இதே வள்ளி திருமணத்தில் முருகனாக மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தபோதே, 1940 டிசம்பர் 31 அன்று சென்னை மேடையில் உயிரைவிட்ட கதை கட்டாயம் வரும். வெள்ளைக்காரன் காலத்தில் மேடையிலேயே சுதந்திரப் பாட்டுப் பாடிச் சிறைக்குப் போன மனிதர் அவர். அடுத்து எம்.ஜி.ஆர். பாய்ஸ் கம்பெனி நாடகத்தில் சிறுவனாக வேஷம் கட்டியவரை 1977-இல் இதே அருப்புக்கோட்டைத் தொகுதி ஜெயிக்கவைத்து முதலமைச்சர் ஆக்கிய கதை, கிழவர் தானே ஓட்டுப்பெட்டி தூக்கியது போன்ற தொனியில் வரும். கேட்டுக்கொண்டே தூங்கலாம். இரண்டும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

தர்க்கத்துக்கு எழுப்பிவிடச் சொல்லிவைக்க வேண்டும். தினைப்புனத்தில் வள்ளி நிற்கிறாள், நாரதர் வருகிறார், வாக்குவாதம் தொடங்குகிறது. அப்புறம் முருகனே வேடனாக, அப்புறம் விருத்தனாக. மணி இரண்டு, இரண்டரை. கூட்டத்தில் முக்கால்வாசி எழுந்து உட்காரும் நேரம் இது. வள்ளி யாரென்று நினைக்கிறீர்கள்? காட்டுக் காவல் வேலைக்குப் போன பெண். பகல் ஷிப்ட். வேலை நேரத்தில் வந்து தொந்தரவு பண்ணுகிறவனைக் கேள்வி கேட்டு மடக்குகிறாள். நம் மில்லில் கோன் வைண்டிங்கில் நிற்கும் பெண்கள் இந்த இடத்தில் கைதட்டுவதை நான் பார்த்திருக்கிறேன்.

கிழவர்களின் கவனம் வேறு. வள்ளியைப் போலவே பரண்மேல் நின்று குருவி விரட்டியவர்கள் அவர்கள், கம்பங்காட்டிலும் குதிரைவாலிக் காட்டிலும். இப்போது பாதிக் காட்டில் மக்காச்சோளம், அதைக் காட்டுப்பன்றியும் மயிலும் தின்கின்றன. மயிலைத் தொட்டால் 1972-ஆம் வருஷச் சட்டப்படி வழக்கு. ஆகவே முருகன் தன் பெருமைகளை வள்ளியிடம் அடுக்கிக்கொண்டிருக்கும்போது, "மொதல்ல ஒன் வாகனத்தப் புடிச்சுக் கட்டுய்யா" என்று ஒரு குரல் இருட்டிலிருந்து வரும். அதற்கும் மேடையிலிருந்து பதில் வரும், உடனே, ராகத்தோடு. ஒத்திகை பார்த்தவர்களால் இது முடியாது.

கல்யாணம் முடியும்போது கிழக்கு வெளுத்திருக்கும். வீட்டுக்குப் போகும்போது மல்லிகைக் காட்டு வழியைத் தவிர்க்கவும். அருப்புக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் மொட்டு விரிவதற்குள் பூவெடுத்தாக வேண்டும், வெள்ளனவே மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பூவெடுக்கும் சித்தி உங்களைப் பார்த்துவிட்டால், "சும்மாதான வார, இந்த ரெண்டு பாத்திய எடுத்துக் குடுத்துட்டுப் போ" என்பார். விடிய விடிய முழித்தவன் விரலால் மொட்டுக் கிள்ளுவது கொடுமை.

மில் வண்டி ஆறே முக்காலுக்கு ஹாரன் அடிக்கும். கம்பங்கூழைக் குடித்துவிட்டு ஏறாதீர்கள், அது தாலாட்டு. வண்டியில் கடைசி வரிசை குலுங்கும். டிரைவருக்குப் பின்னால் ஜன்னல் சீட்டில் முக்கால் மணி நேரத் தூக்கம் கிடைக்கும். பிறகு எட்டு மணி நேரம் ரிங் ஃபிரேம். வெளியே காடு காய்ந்து வெடித்துக் கிடக்க, உள்ளே நூல் அறாமல் இருக்க ஈரப்பதத்தை 55, 60 சதவீதத்தில் வைத்திருப்பார்கள். இந்த வானம் பார்த்த பூமியில் ஆண்டு முழுக்க ஈரமாக இருக்கும் ஒரே இடம் அதுதான், தூக்கத்துக்கு அதைவிட மோசமான இடம் வேறில்லை. நிற்காமல் நடங்கள். அறுந்த நூலை ஒட்டிக்கொண்டே போங்கள். உட்கார்ந்தால் தொலைந்தீர்கள்.

லீவு போட்டுவிடலாம் என்று தோன்றும். போடலாம். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு முன்வரிசையில் மட்டும் உட்காராதீர்கள். இப்போதெல்லாம் முழு இரவையும் படமெடுத்து யூடியூபில் ஏற்றிவிடுகிறார்கள், கேமரா வள்ளியைவிடக் கூட்டத்தைத்தான் அதிகம் காட்டுகிறது.

இதற்கிடையே குழாயில் தண்ணீர் வரும் நாள் ஒன்று உண்டு. சில நாளைக்கு ஒருமுறை, முன்னறிவிப்பு இல்லாமல். அன்றைக்கு நாடகம், கூட்டாளி, பரோட்டா, மில், எல்லாம் ரத்து. குடம் தூக்குங்கள். இதில் ஆலோசனை சொல்ல எதுவும் இல்லை.

இவ்வளவு அலைச்சலும் வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் இந்த மண்ணில் முன்னுதாரணம் உண்டு. 1879-இல் திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் பதினாறு வயதில், 1896-இல், மதுரையில் பள்ளிப்படிப்பைப் போட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயில் ஏறி ரமண மகரிஷி ஆகிவிட்டார். அதன்பின் ஷிப்ட் பிரச்சினை அவருக்கு இல்லை. ஆனால் உங்கள் அம்மாவிடம் இந்த யோசனையைச் சொல்லிப்பார்க்கும் முன் குழாய் நாள் எப்போது என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பணம். நாடகத்துக்கு டிக்கெட் கிடையாது. செலவு முழுக்க ஊர் வரி, அதைத் தலைக்கட்டுக் கணக்கில் போடுகிறார்கள். கல்யாணம் ஆகிக் குடும்பமாக இருப்பவன்தான் தலைக்கட்டு. கல்யாணம் ஆகாதவன் எத்தனை சம்பாதித்தாலும் ஊர்க்கணக்கில் பொடியன், வரி இல்லை, இலவசமாகவே பார்க்கலாம். வரி நோட்டோடு வரும் பெரியவர்கள் உங்களை மேலும் கீழும் பார்த்து, "தம்பிக்கு எப்ப முடிக்கிறதா இருக்கீங்க?" என்று அப்பாவிடம் கேட்பது உங்கள்மேல் உள்ள பாசத்தால் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்த வருஷம் பபூனுக்குச் சம்பளம் கூடுகிறது, அவ்வளவுதான். ஆகவே முடிந்த மட்டும் நாடகங்களை இப்போதே பார்த்துத் தீர்த்துவிடுங்கள், தூக்கம் வந்தால் தூங்கியும் தீருங்கள். வரி கட்டினவன் நாடகத்தில் தூங்குவதில்லை. கொடுத்த காசுக்கு முருகன் எத்தனை பாட்டுப் பாடினார் என்று விடிய விடிய எண்ணிக்கொண்டிருப்பான்.